பதிலிக்கு என்ன கொடுப்பார்கள்?

டாலஸ்–ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் இறங்க வரும் விமானங்கள் எங்கள் தெருவின் மேலாகத்தான் தாழ்ந்து செல்லும். பதினோரு ஆண்டுகளாக அந்த இரைச்சலோடு குடித்தனம் நடத்திப் பழகிவிட்ட எங்களுக்கு, 2020 ஏப்ரலில் அது நின்றுபோனதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த மாதம் 14ஆம் தேதி அமெரிக்க விமான நிலையங்கள் அனைத்திலும் சேர்த்துப் பாதுகாப்புச் சோதனையைக் கடந்தவர்கள் 87,534 பேர் மட்டுமே. முந்தைய ஆண்டு அதே வாரத்தில், அதே கிழமையில், அந்த எண்ணிக்கை 22 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் விமானி. பெரிய நிறுவனம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுப் பணிமூப்பு உடையவர். போயிங் 737 விமானத்தில் கேப்டன் இருக்கைக்கு வந்து அப்போது ஓராண்டுகூட நிறைவடைந்திருக்கவில்லை. மாலை வேளைகளில் வேலிக்கு இருபுறமும் ஆறடி இடைவெளி விட்டு நாற்காலி போட்டுப் பேசுவது எங்கள் வழக்கமாயிற்று. அப்படியொரு மாலையில்தான் அவர் கையில் நான்கைந்து தாள்கள் இருந்தன. நிறுவனமும் தொழிற்சங்கமும் சேர்ந்து கையெழுத்திட்ட துணை ஒப்பந்தம் அது. மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று விரும்பிய காலத்துக்கு விடுப்பில் போகலாம். மாதந்தோறும் வழக்கத்தைவிடக் குறைந்த மணிநேரக் கணக்கில் சம்பளம் வரும். மருத்துவக் காப்பீடு தொடரும். பணிமூப்புப் பட்டியலில் இடம் மாறாது. கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று அவர் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தார். குறைந்த சம்பளத்தில் இந்த விருப்ப விடுப்பை ஏற்பதா மறுப்பதா என்று சங்கத்துக்குள்ளும் இதே பேச்சாகத்தான் இருக்கிறதாம்.

அன்றிரவு கோவைக்குத் தொலைபேசியில் பேசியபோது இதை அப்பாவிடம் சொன்னேன். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். விமானத்தைப் பற்றியோ சம்பளத்தின் அளவைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. “அதெல்லாம் சரி, பதிலிக்கு என்ன கொடுப்பார்கள்?” என்றார்.

பஞ்சாலைக் குடும்பங்களில் வளராதவர்களுக்கு இந்தக் கேள்வி புரியாது. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவருடைய இடத்தில் நின்று வேலை செய்பவர் பதிலி. காலையில் ஆலை வாசலில் வந்து நிற்பார். யாராவது விடுப்பு எடுத்திருந்தால் அவருக்கு அன்று கூலி உண்டு, இல்லையென்றால் திரும்பிப் போக வேண்டியதுதான். அப்பா வேலை பார்த்த காலத்தில் இருந்த தொழில் தகராறுகள் சட்டம், வேலை இல்லையென்று ஆலை தற்காலிகமாக நிறுத்திவைக்கும் லே-ஆஃப் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 50 விழுக்காட்டை இழப்பீடாகத் தரச் சொன்னது. அதே பிரிவு, பதிலிக்கும் தற்காலிகத் தொழிலாளிக்கும் அது பொருந்தாது என்றும் சொன்னது. ஆகவே அப்பாவின் அனுபவத்தில் அரைக்கூலி என்பது எப்போதும் இரண்டு கேள்விகளாகவே வரும்: வீட்டில் இருப்பவனுக்கு எவ்வளவு, வாசலில் நிற்பவனுக்கு எவ்வளவு.

அமெரிக்க விமானிகளின் விவாதத்தை அதன்பின் நான் இந்தக் கண்ணோடுதான் கவனித்தேன். அதற்கு முதலில் அவர்களுடைய சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று சொல்ல வேண்டும். அங்கே விமானிக்கு மாதச் சம்பளம் என்று நாம் நினைக்கும் வகையில் எதுவும் இல்லை. பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த விகிதம் அவர் எந்த விமானத்தில், எந்த இருக்கையில், எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. பறக்க வாய்ப்பில்லாத மாதத்திலும் குறைந்தது இத்தனை மணிக்குச் சம்பளம் உண்டு என்று ஒப்பந்தம் உறுதி தருகிறது. பெரும்பாலான பெரிய நிறுவனங்களில் அந்த உறுதி ஏறக்குறைய 70 முதல் 75 மணிக்குள் அடங்கும். ஆர்வமுள்ளவர்கள் கூடுதல் பயணங்களை எடுத்துக்கொண்டு எண்பது, எண்பத்தைந்து மணி வரை சேர்த்துக்கொள்வார்கள்.

எடுத்துக்காட்டாக மணிக்கு 250 டாலர் வாங்கும் ஒருவருக்கு 72 மணி உறுதி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 18,000 டாலர் வருகிறது. விடுப்புக்கு 54 மணிச் சம்பளம் என்றால் 13,500 டாலர். உறுதியோடு ஒப்பிட்டால் இது முக்கால் சம்பளம். ஆனால் அவர் சென்ற ஆண்டு வழக்கமாக 85 மணி பறந்தவர் என்றால், கைக்கு வந்துகொண்டிருந்ததில் 64 விழுக்காடுகூட இல்லை. சங்கக் கூட்டங்களில் “முக்கால் சம்பளம் போதாதா?” என்று ஒருவரும் “மூன்றில் ஒரு பங்கைப் பறிகொடுக்கச் சொல்கிறீர்கள்” என்று மற்றொருவரும் கத்திக்கொள்ளும்போது இருவருமே பொய் சொல்லவில்லை, வகுக்கும் எண்தான் வேறு.

விடுப்பின் முன்னால் “விருப்ப” என்ற சொல் ஒட்டிக்கொண்டதற்குச் சட்டக் காரணம் ஒன்று உண்டு. 2020 மார்ச் 27 அன்று கையெழுத்தான கொரோனா நிவாரணச் சட்டமான கேர்ஸ் சட்டம், பயணிகள் விமான நிறுவனங்களின் சம்பளச் செலவுக்கென்று 2,500 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அதற்கு ஈடாக, செப்டம்பர் 30 வரை யாரையும் அவர்களுடைய விருப்பத்துக்கு மாறாக வேலையிலிருந்து நிறுத்தவோ, சம்பள விகிதத்தைக் குறைக்கவோ கூடாது என்று நிபந்தனை விதித்தது. விமானங்கள் பாலைவனத்தில் நிறுத்தப்பட்டிருக்க, நிறுவனங்களின் கையிருப்பு நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான டாலர் கரைந்துகொண்டிருந்தது, ஆட்குறைப்புக்குத் தடை. எஞ்சியிருந்த ஒரே வாசல், தொழிலாளியே “நான் போகிறேன்” என்று சொல்வது. உதவித்தொகையோ 2019ஆம் ஆண்டின் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சம்பளப் பட்டியலை வைத்துக் கணக்கிடப்பட்டது; ஆகவே ஒருவர் பாதி, முக்கால் சம்பளத்தில் வீட்டுக்குப் போனால் மிச்சப்படும் தொகை நிறுவனத்துக்கே நின்றது. என் அண்டை வீட்டுக்காரர் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால், அரசாங்கம் என் சம்பளத்துக்கென்று கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை நானே திருப்பி நிறுவனத்தின் பெட்டியில் போடுகிறேன் என்றால் அதற்கு எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லையா என்றார். உரிமை இருந்தது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

விமானியின் விடுப்புக்கு நிறுவனம் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை பயிற்சிச் செலவில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, ஆயிரம் விமானிகள் கூடுதலாக இருந்தால் கடைசி ஆயிரம் பேரை நிறுத்திவிட்டால் போயிற்று என்று தோன்றும். பணிமூப்புப் பட்டியலின் அடியில் இருப்பவரைத்தான் நிறுத்த முடியும் என்பது ஒப்பந்தம். ஆனால் வேலை குறைவது பட்டியலின் அடியில் அல்ல. 2020இல் டெல்டா நிறுவனம் ஜூன் மாதத் தொடக்கத்தில் தன் எம்டி-88, எம்டி-90 விமானங்களுக்கு விடைகொடுத்தது. அக்டோபர் முடிவதற்குள் போயிங் 777 விமானங்களையும் ஓய்வுக்கு அனுப்பியது. 777 கேப்டன் என்பவர் பட்டியலின் உச்சியில் இருப்பவர். அவரை நிறுத்த முடியாது. வேறொரு விமானத்தில் உட்கார வைக்க வேண்டும். அவர் அங்கே வந்தால் அங்கிருக்கும் இளையவர் ஒருவர் இடம்பெயர்ந்து சிறிய விமானத்துக்கு வருவார். அங்கிருந்த கேப்டன் துணை விமானியின் இருக்கைக்கு இறங்குவார். துணை விமானி வெளியே போவார். ஒருவரை வெளியே அனுப்ப மூன்று பேருக்குப் பல வாரப் பயிற்சி தேவைப்படும். விமானி அறையைப் போலவே அமைந்த பயிற்சிக் கருவிகளான சிமுலேட்டர்கள் எண்ணிக்கையில் குறைவு, பயிற்றுநர்களும் குறைவு, பயிற்சிக் காலத்தில் பறக்காமலேயே சம்பளமும் கொடுக்க வேண்டும். நாற்காலி விளையாட்டில் இசை நின்ற பிறகு ஒவ்வொருவரும் அடுத்த நாற்காலியில் உட்காருவதற்கு முன் தேர்வெழுதி வர வேண்டும் என்று விதி வைத்தால் எப்படியிருக்கும்?

இந்தச் சங்கிலியை அறுப்பதுதான் விருப்ப விடுப்பின் உண்மையான மதிப்பு. உச்சியில் இருப்பவர் தன் இருக்கையிலிருந்தபடியே வீட்டுக்குப் போனால் கீழே யாரும் நகர வேண்டியதில்லை. இன்னொரு கணக்கும் உண்டு. மணிக்கு 350 டாலர் வாங்கும் மூத்த கேப்டன் 72 மணிக்குப் பதில் 54 மணிச் சம்பளத்தை ஏற்றுக்கொண்டால் நிறுவனத்துக்கு மாதம் 6,300 டாலர் மிச்சம். மணிக்கு 100 டாலர் வாங்கும் இளம் துணை விமானியை முழுவதுமாக நிறுத்தினால் மிச்சம் 7,200 டாலர். அவரைத் தொடர்ந்து வரும் பயிற்சிச் செலவைக் கழித்தால் அதுவும் இல்லை. அதாவது மூத்தவர் ஒருவரின் கால் பங்குச் சம்பளம், இளையவர் ஒருவரின் முழு வேலைக்கு ஏறக்குறைய ஈடாகிறது. எண்கள் என்னுடைய எடுத்துக்காட்டுகள்தாம். ஆனால் விகிதத்தின் போக்கு எல்லா நிறுவனங்களிலும் இப்படித்தான் இருந்தது.

அப்படியானால் விவாதம் எதற்கு? யாருடைய விடுப்பால் பயன் அதிகமோ அவருக்கு விடுப்பில் போக வேண்டிய நெருக்கடி ஏதும் இல்லை என்பதுதான் சிக்கல். பட்டியலின் அடியில் இருப்பவருக்கு அக்டோபர் முதல் நாள் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே இருப்பவரோ பறக்காமல் வீட்டில் காத்திருந்தாலே 72 மணிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பார். அவரை 54 மணிக்கு இணங்க வைக்க வேண்டுமென்றால் வேறெதையாவது சேர்க்க வேண்டும்: மருத்துவக் காப்பீடு பழைய கட்டணத்திலேயே தொடரும், அழைத்தால் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் குறிப்பிட்ட காலத்துக்கு இருக்காது, இத்தியாதி. அதிலும் வயது ஒரு பெரிய காரணம். 2007 டிசம்பரில் அமெரிக்கச் சட்டம் வணிக விமானிகளின் ஓய்வு வயதை 60இலிருந்து 65ஆக உயர்த்தியது. 63 வயதுக்காரருக்கு ஓராண்டு விடுப்பு என்பது எஞ்சியிருக்கும் பறக்கும் வாழ்நாளில் பாதி. சிலர் அதற்காகவே மறுத்தார்கள். சிலர் அதற்காகவே, இனி எதற்கு இந்தத் தொற்றுக்கு நடுவில் என்று, ஒரேயடியாகக் கிளம்பிவிட்டார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனமும் அதன் விமானிகள் சங்கமான அலைடு பைலட்ஸ் அசோசியேஷனும் மார்ச் மாதத்திலேயே செய்துகொண்ட ஏற்பாட்டில் ஏறக்குறைய 4,800 பேர் குறைந்த சம்பளத்தில் தற்காலிக விடுப்புக்கு முன்வந்தார்கள். 700க்கும் மேற்பட்டவர்கள் முன்கூட்டியே ஓய்வை ஏற்றுக்கொண்டார்கள்.

சங்கங்கள் எல்லாம் ஒரே குரலில் பேசியதாக நினைக்க வேண்டாம். கோடைக்காலத்தில் டெல்டா நிர்வாகம், விமானிகள் அனைவரும் உறுதி மணியில் 15 விழுக்காட்டை விட்டுக்கொடுத்தால் ஓராண்டுக்கு யாரையும் நிறுத்தமாட்டோம் என்றது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எல்லோரும் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் யாரும் பட்டினி கிடக்க வேண்டாம். ஏர்லைன் பைலட்ஸ் அசோசியேஷனின் டெல்டா கிளை அதற்கு உடனே தலையாட்டவில்லை. முதலில் விருப்பத் திட்டங்களைக் கொடுங்கள், எவ்வளவு பேர் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம் என்பது அவர்களுடைய நிலை. ஆகஸ்டுக்குள் 1,800 பேர் முன்னோய்வில் போனார்கள்.

வெளியார் பலருக்கு இது பேராசையாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தெரியவில்லை. 2004ஆம் ஆண்டு இதே டெல்டா விமானிகள், நிறுவனம் திவாலாகாமல் காக்க வேண்டுமென்று 32.5 விழுக்காடு சம்பளக் குறைப்புக்கு ஒப்புக்கொண்டவர்கள். மறு ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் திவால் நீதிமன்றத்துக்குப் போகத்தான் செய்தது; அதற்கடுத்த ஆண்டு அவர்களுடைய ஓய்வூதியத் திட்டமே முடித்துவைக்கப்பட்டது. அமெரிக்காவில் விமானத் தொழிலாளர் உறவுகள் 1926ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டத்தின்கீழ் வருகின்றன. அதன்படி ஒப்பந்தம் காலாவதியாவதில்லை. திருத்தத்துக்கு உரியதாகிறது, அவ்வளவுதான். திருத்தப்படும் வரை பழைய விகிதமே ஓடும். இன்று விட்டுக்கொடுத்த விகிதத்தைத் திரும்பப் பெற எத்தனை ஆண்டு பேச்சுவார்த்தை நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. விடுப்பு அப்படியல்ல. அது தேதி போட்ட தாள். தேதி வந்ததும் முடிந்துவிடும். சம்பள விகிதத்தில் கைவைக்காமல் மணியில் மட்டும் கைவைக்கிறது என்பதால்தான் பழைய காயம் உள்ளவர்களுக்கு அது ஏற்புடையதாக இருந்தது.

ஆனால் சங்கத்தின் நிலையில் எனக்கு உறுத்திய இடமும் உண்டு. விருப்பத் திட்டம் மட்டுமே போதும் என்று சொல்வது, மூத்தவர்களின் மனம் இளகும் அளவைப் பொறுத்து இளையவர்களின் வேலையை விடுவதாகும். ஆலை வாசலில் நிற்கும் பதிலி, உள்ளே யாருக்காவது காய்ச்சல் வரட்டும் என்று மனத்துக்குள் வேண்டிக்கொள்வதைப் போன்றது அது. அமெரிக்கன் நிறுவனத்தில் அத்தனை ஆயிரம் பேர் விடுப்பில் போன பிறகும் அக்டோபர் முதல் நாள் 19,000 ஊழியர்கள் நிறுத்தப்பட்டபோது அவர்களில் ஏறக்குறைய 1,600 பேர் விமானிகள். யுனைடெட் நிறுவனத்திலோ, இருக்கும் பறப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தத்தைச் சங்கம் வாக்கெடுப்புக்கு விட்டது. செப்டம்பர் இறுதியில் 58 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள், 2,850 பேரின் பணிநிறுத்தம் தவிர்ந்தது. ஆதரிக்காத 42 விழுக்காட்டினரும் சங்கத்தின் உறுப்பினர்கள்தாம். அவர்களில் ஒருவரோடும் நான் பேசியதில்லை. அவர்களைச் சுயநலக்காரர்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. டெல்டாவில் நவம்பரில் வந்த ஒப்பந்தம் உறுதி மணியில் 5 விழுக்காடு மட்டும் குறைத்து, நிறுத்தப்படவிருந்த 1,700க்கும் மேற்பட்ட இளம் விமானிகளைக் குறைந்த சம்பளத்தோடு பட்டியலிலேயே வைத்துக்கொண்டது. 74 விழுக்காட்டினர் அதை ஏற்றார்கள். அப்பாவின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்ன ஒப்பந்தம் என்று நான் கருதுவது இதைத்தான். பதிலிக்கும் ஏதோ கொடுத்தார்கள்.

பணிமூப்புப் பட்டியல் அவர்களுக்கு எவ்வளவு புனிதமானது என்பதை அறிய ட்ரான்ஸ் வேர்ல்ட் ஏர்லைன்ஸ் கதை ஒன்று போதும். 2001இல் அமெரிக்கன் அந்த நிறுவனத்தை வாங்கியபோது அதன் விமானிகளில் பெரும்பகுதியினரை அமெரிக்கனின் பட்டியலுக்குக் கீழே ஒட்டிவைத்தார்கள். செப்டம்பர் 11க்குப் பிறகு நிறுத்தப்படும் முறை வந்தபோது அந்த அடிப்பகுதிதான் முதலில் போனது. முன்பு அவர்களைப் பிரதிநிதித்துவம் செய்த சங்கம் தன் கடமையில் தவறியது என்று 2011இல் நியூ ஜெர்சி ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். மூன்று ஆண்டு கழித்து 5.3 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. ஒப்பந்தத்தின் முதல் வரியாகவே “பணிமூப்புப் பட்டியலில் இடம் மாறாது” என்று எழுதப்பட்டிருந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட நினைவுகள் இருக்கின்றன.

என் அண்டை வீட்டுக்காரர் முதல் சுற்றில் ஆறு மாத விடுப்புக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. விடுப்பும் பணிமூப்பு வரிசையில்தான் வழங்கப்படுகிறது என்பதை அப்போதுதான் நான் அறிந்தேன். கேப்டன்களில் அவர் இளையவர், அவருக்கு முன்னால் கேட்டவர்கள் அதிகம். இரண்டாம் சுற்றில் கிடைத்தது. அந்த ஆறு மாதத்தில் அவர் கொல்லைப்புறத்துக்குத் தளம் போட்டார், மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், வானத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

திரும்பிப் போவது போனதைவிடக் கடினமாக இருந்தது. 90 நாட்களுக்குள் விமானத்தை மூன்று முறை மேலேற்றி மூன்று முறை தரையிறக்காத விமானி பயணிகளை ஏற்றிப் பறக்க முடியாது என்பது அங்குள்ள விதி. அதற்கு மேல் போனால் மீண்டும் சிமுலேட்டரில் உட்கார வேண்டும். 2021 வசந்தத்தில் தடுப்பூசியோடு பயணிகளும் திரும்பியபோது எல்லோரும் ஒரே நேரத்தில் அந்தச் சிமுலேட்டர்களின் வாசலில் வரிசையில் நின்றார்கள். டெல்டா ஏப்ரல் 4 ஈஸ்டர் ஞாயிறன்று ஆள் பற்றாக்குறையால் ஏறக்குறைய நூறு பயணங்களை ரத்துசெய்தது. சவுத்வெஸ்ட், நீண்ட விடுப்பில் அனுப்பியிருந்த விமானிகளில் 209 பேரை ஜூன் முதல் தேதியிலிருந்து வரச்சொல்லி அழைத்தது. சம்பளத்துக்கென்று வரிப்பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் இல்லை என்கிறீர்களே என்று மேலவை உறுப்பினர் மரியா கான்ட்வெல் ஜூலையில் ஆறு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார். விடுப்பு மலிவாகத் தெரிந்த நாட்களில் திரும்ப அழைக்கும் செலவை யாரும் ஒப்பந்தத்தின் அந்த நான்கைந்து தாள்களில் எழுதிவைக்கவில்லை.

அண்டை வீட்டுக்காரர் மீண்டும் சீருடை அணிந்து கிளம்பிய வாரத்தில் அப்பாவிடம் அதைச் சொன்னேன். ஒரு வினாடி யோசித்துவிட்டு, வருங்கால வைப்பு நிதிக்கு அந்த ஆறு மாதமும் முழுச் சம்பளத்தில் பிடித்தார்களா, கொடுத்த சம்பளத்தில் பிடித்தார்களா என்று கேட்டார். மறுநாள் வேலியருகே நின்று கேட்டேன். ஓய்வுக்கால நிதிக்கு நிறுவனம் போடும் பங்கு, கொடுத்த மணிக்கு மட்டும்தானாம். அந்த இடத்தில் சங்கம் வாதாடிப் பார்த்துத் தோற்றதாம். உங்கள் தந்தை எந்தச் சங்கத்தில் இருந்தார் என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.